கண்மாய் ஏலமா, அணைக் கூண்டா, சொந்தக் குளமா? மீன் வளர்ப்புக்குத் தண்ணீர் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஜூன் மாதம் நெருங்கினால் ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வருகிறது. கையில் இரண்டு மூன்று லட்சம் இருக்கிறது, மீன் வளர்க்க ஆசை. ஊர்க் கண்மாயை மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் எடுப்பதா, அணையில் கூண்டு போடும் குழுவில் சேர்வதா, சொந்த நிலத்தில் ஒரு ஏக்கர் குளம் வெட்டுவதா?

கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏலத்தொகையை மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். நாற்பது ஏக்கர் கண்மாய் ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ஏக்கர் குளத்துக்கு ஏன் இரண்டே முக்கால் லட்சம் கொட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். கணக்கை முழுதாக எழுதிப் பார்த்தால், அந்த 60,000 செலவுப் பட்டியலில் முதல் இடத்தில்கூட வராது. குஞ்சுச் செலவும் வலைக்கூலியும் அதைத் தாண்டிவிடும். காவல் கூலி அதற்குச் சமமாக நிற்கும். ஆகவே, அரசுத் தண்ணீரைக் குத்தகைக்கு எடுப்பதன் உண்மையான செலவு என்ன, அது எந்த நிலையில் கட்டுப்படியாகும் என்பதை மற்ற வழிகளோடு வைத்துப் பார்ப்போம். நன்னீர் மீனுக்கான கணக்கு மட்டுமே இது. கடலோர உவர்நீர் இறால் பண்ணை 2005ஆம் ஆண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் வருவதால் அதன் அனுமதியும் செலவும் வேறு.

கீழே வரும் விலைகளெல்லாம் மாதிரிக்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, முதல் மீனை விற்பதற்கு முன் கையை விட்டுப் போகும் பணம். ஏலத்தொகையோடு டேவணி (ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்பணம்), காப்புத்தொகை, முத்திரைத்தாள், குஞ்சு, காவல் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, மடை யார் கையில் இருக்கிறது என்பது. அரசுக் குத்தகையில் உங்களுக்குக் கிடைப்பது மீனின் மேல் உள்ள உரிமை. தண்ணீரின் மேல் எந்த உரிமையும் வராது. ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீரில் பாசனம் பெறும் நிலத்து விவசாயிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மடை திறக்கும். அதைத் தடுக்க முடியாது.

மூன்றாவது, குத்தகைப் பத்திரம் சொல்லும் மாதத்தை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்கும் மாதத்தை எண்ணுவது. நான்காவது, மீனை எப்போது பிடிப்பது என்று முடிவு செய்வது நீங்களா, வற்றும் தண்ணீரா என்பது. விலையில் கிலோவுக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் இதில்தான் பிறக்கிறது. ஐந்தாவது, மழை பொய்த்தாலோ, கலுங்கு (நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வழி) பாய்ந்து மீன் ஓடினாலோ, யாராவது விஷம் கலந்தாலோ இழப்பு யார் தலையில் விழும் என்பது.

இவை எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. எந்தச் செலவையும் ஏக்கருக்கு வகுக்காமல், பிடிக்கப் போகும் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 1,500 ரூபாய் என்று கேட்கும்போது மலிவாகத் தோன்றும் கண்மாய், கிலோவுக்கு 30 ரூபாய் என்று தெரியும்போது வேறு முகம் காட்டும்.

## கண்மாய், ஏரி: மீன்பாசிக் குத்தகை

### யாருடைய தண்ணீர்

தமிழ்நாட்டில் 39,202 ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ளவை நீர்வளத்துறைப் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஊரணி, குளம், தெப்பக்குளம் என்று இறங்கினால் ஊராட்சியோ கோயில் நிர்வாகமோ உரிமை கொண்டாடும். மீன்பாசி ஏலம் யார் விடுகிறார்கள் என்பது கண்மாய்க்குக் கண்மாய் மாறும். மீனவர் கூட்டுறவு சங்கம் இருக்கும் இடத்தில் அதற்கு முன்னுரிமை தரும் வழக்கமும் உண்டு. பணம் கட்டும் முன் ஏல அறிவிப்பில் கையெழுத்திட்ட அலுவலகம் எது, அந்தக் கண்மாய் அந்த அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே கண்மாய்க்கு ஊரார் ஒருவருக்கும் அலுவலகம் இன்னொருவருக்கும் குத்தகை விட்டால், வலை இறக்கும் நாளில்தான் சண்டை வெளியே வரும்.

ஊர் வழக்கத்தையும் விசாரியுங்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் தண்ணீர் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும் கண்மாய்கள் பல உண்டு. அன்றைக்கு ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுவட்டமே இறங்கிவிடும். அப்படிப்பட்ட கண்மாயில் குத்தகை எடுத்தால், திருவிழாவுக்கு முன் உங்கள் மீன் கரையேறிவிட வேண்டும். கொஞ்சம் மீனை ஊருக்கு விட்டுவைக்கவும் வேண்டும். இந்த விட்டுக்கொடுப்பையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

### பன்னிரண்டு மாதம் வாங்கி ஐந்து மாதம் வளர்ப்பது

குத்தகை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில் ஓடும்: ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து விடும் ஏலங்களில் ஆண்டுதோறும் தொகை ஏறும் நிபந்தனை இருக்கும். அந்த ஏற்றத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் முதல் ஆண்டுத் தொகையைக் கேட்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மானாவாரிக் கண்மாயில் தண்ணீர் சேர்வது நவம்பரில்தான். கலுங்கு பாயும்போது குஞ்சு விட்டால் அது மறுகாலோடு போய்விடும். எனவே டிசம்பர் நடுவில் கலுங்கு நின்றபின் குஞ்சு விட வேண்டும். தை, மாசியில் மடை திறந்து தண்ணீர் இறங்கும். ஏப்ரலில் ஆழம் ஒரு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் வெயிலில் தண்ணீர் கொதிக்கும், மீன் திணறும். கணக்குப் பார்த்தால் நாலரை, ஐந்து மாதம்தான் வளர்ப்பு. ஏலம் தள்ளிப்போய் டிசம்பரில் முடிந்தாலும் ஜூன் 30 நகராது.

இதற்கு மாற்று, பெரிய குஞ்சு. ஆகஸ்டிலேயே சின்னக் குட்டையில் நெருக்கமாக விட்டு, தீனியைக் குறைத்து வைத்திருந்த கட்லா, ரோகு குஞ்சுகள் கண்மாயின் விசாலமான தண்ணீரைக் கண்டதும் வேகமாக எடை போடும். மூன்று செ.மீ. குஞ்சை விலை மலிவு என்று வாங்கி நேரே கண்மாயில் விடுவது பணத்தைத் தண்ணீரில் கொட்டுவதுதான். உள்ளே ஏற்கெனவே விராலும் கெளுத்தியும் வாளையும் காத்திருக்கின்றன; மேலே நீர்க்காகம். குறைந்தது 10 செ.மீ. விரலிகள், அதாவது விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகள் வேண்டும்.

குளத்தில் செய்வதுபோல வேண்டாத மீனை முதலில் அழித்துவிட்டு வளர்க்க முடியாதா என்று கேட்பார்கள். குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போட்டுச் செய்யும் வேலை அது. கால்நடை தண்ணீர் குடிக்கும் பொதுக் கண்மாயில் அதற்கு இடமே இல்லை, செலவும் தாங்காது.

### கணக்கு

முழுக் கொள்ளளவில் 40 ஏக்கர், அதாவது 16 ஹெக்டேர் பரப்புள்ள கண்மாய் என்று வைப்போம். ஐந்து மாதத்தில் தண்ணீர் சுருங்கிக்கொண்டே வருவதால் 8 ஹெக்டேருக்குத்தான் குஞ்சு கணக்கிட வேண்டும். முழுப் பரப்புக்கும் குஞ்சு விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஹெக்டேருக்கு 2,000 வீதம் 16,000 விரலிகள். பிடிபடும்போது ஒரு மீன் அரைக் கிலோ, கரையில் மொத்த விலை 110 ரூபாய்.

| | 40 சதவீதம் பிடிபட்டால் | 25 சதவீதம் பிடிபட்டால் |
|---|---|---|
| பிடிப்பு | 3,200 கிலோ | 2,000 கிலோ |
| வரவு | 3,52,000 | 2,20,000 |
| குஞ்சு, வண்டிச் செலவுடன் தலா 4 ரூபாய் | 64,000 | 64,000 |
| காவல், 5 மாதம், மாதம் 12,000 | 60,000 | 60,000 |
| வலைக்கூலி, கிலோவுக்கு 20 | 64,000 | 40,000 |
| ஐஸ், வண்டி, கிலோவுக்கு 5 | 16,000 | 10,000 |
| தவிடு, பிண்ணாக்கு | 20,000 | 20,000 |
| பத்திரம், கொட்டகை, பரிசல் வாடகை | 10,000 | 10,000 |
| ஏலத்தொகைக்கு முன் மிச்சம் | 1,18,000 | 16,000 |
| ஏலத்தொகை 60,000 போனால் | 58,000 லாபம் | 44,000 நட்டம் |

ஏலத்தொகை முதல் நிலையில் கிலோவுக்கு 19 ரூபாய், இரண்டாவதில் 30. கரை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏலத்தொகை போகும் கண்மாயைத் தொடாமல் விடுவதே நல்லது. ஏலத்தில் போட்டி சூடு பிடிக்கும்போது, போன வருஷம் அவன் எடுத்தான், இந்த வருஷம் நான் விடுவதா என்ற வீம்பில் 60,000 ஒரு லட்சம் ஆகிவிடும். அட்டவணையின் முதல் நிலையிலேகூட அப்போது மிஞ்சுவது 18,000தான். அதில் உங்கள் உழைப்புக்குக் கூலி சேரவில்லை.

கணக்கில் எழுதாத வரவு ஒன்றும் உண்டு: நாட்டுமீன். விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாம் நீங்கள் விடாமலே இருக்கும். பழைய, வற்றாத மடுவுள்ள கண்மாயில் இந்த மீனே ஏலத்தொகையை அடைத்துவிடுவதுண்டு. போன ஆண்டு முழுக்க வற்றிய கண்மாயில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

### வலை இறக்கும் நாளில் தெரிவது

ஏலத்துக்கு முன், தண்ணீர் இல்லாத மே, ஜூன் மாதத்தில் கண்மாய்க்குள் நடந்து பாருங்கள். மற்ற எந்த ஆலோசனையையும்விட இது உதவும். சமூகக் காடு திட்டத்தில் நட்ட கருவேல மரங்களை வெட்டி எடுத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை நிற்கும். தண்ணீர் வந்ததும் அது கண்ணுக்குத் தெரியாது. இழுவலை அதில் மாட்டினால் வலையின் அடிக்கயிறு மேலே தூக்கும். அந்த இடைவெளியில் ரோகும் மிர்காலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியேறும். கிழிசலை அவிழ்த்து முடிப்பதற்குள் கால்வாசிக் கூட்டம் பின்னால் போய்விடும். அப்புறம் வலைக்காரர்கள் செவுள்வலைக்கு மாறுவார்கள். செலவாகும் நாளும் கூடும், மீனும் செத்தே கரைக்கு வரும்.

மண் அள்ளிய குழிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து மீட்டர் ஆழக் குழிக்கு மேலே வலை பாலம்போல் நிற்கும், மீன் கீழே இருக்கும். அந்தக் குழிகள் எத்தனை, எங்கே என்று தெரிந்தால் கடைசித் தண்ணீர் வரை அதில் மீன் நிற்கும் என்று திட்டமிட்டு, வீச்சுவலை ஆட்களைத் தனியாகப் பேசிவைக்கலாம்.

கலுங்கில் கம்பிவலை கட்டி மீனைத் தடுக்கலாமா என்ற கேள்விக்கு நேரான பதில்: வேண்டாம். வெள்ளத்தில் வரும் செத்தையும் ஆகாயத்தாமரையும் வலையில் அடைத்தால் நீர்மட்டம் உயர்ந்து கரைக்கே ஆபத்து. கரை உடைந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

## அணைகள்: பங்குமுறையும் கூண்டும்

பெரிய அணையை முழுதாகக் குத்தகை எடுப்பது இரண்டு மூன்று லட்சத்தில் முடியும் காரியமல்ல. சாத்தனூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு போன்ற அணைகளின் மீன்வளத்தை 1974இல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நிர்வகித்து வந்திருக்கிறது. குஞ்சு இருப்புச் செய்வது ஒருவர், பிடிப்பது உள்ளூர் மீனவர், பிடித்ததில் பங்கு என்பது அங்குள்ள பழைய ஏற்பாடு. சங்க உறுப்பினராக இருந்தால் முதல் போடாமல் வருமானம் வரும், வெளியாளுக்கு வழியில்லை. சங்க உறுப்பினருக்கு நான் சொல்வது இதுதான்: கண்மாய் ஏலத்துக்கு ஓடும் முன், கையில் இருக்கும் பங்குமுறையை ஒழுங்காக நடத்தினாலே போதும்.

அணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீன் வளர்க்கும் வலைக் கூண்டு வேறு வகை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நீர்த்தேக்கக் கூண்டு ஒன்றுக்கு அலகுச் செலவு 3 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். வழக்கமான கூண்டு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம்: 96 கன மீட்டர்.

கூண்டில் மீனுக்கு இயற்கைத் தீனி கிடையாது. நீங்கள் போட்டால்தான் சாப்பாடு. ஒரு கூண்டில் 3,000 கிலோ பங்காசியஸ் (ஒரு வகைக் கெளுத்தி மீன்) எடுக்க, கிலோ மீனுக்கு 1.6 கிலோ வீதம் 4,800 கிலோ மிதவைத் தீவனம் வேண்டும். கிலோ 42 ரூபாய் என்றால் 2,01,600. மீன் கிலோ 90 என்றால் வரவு 2,70,000. குஞ்சுக்கு 25,000 போனால் மிச்சம் சுமார் 43,000. படகு, காவல், வலை மாற்றுவது எல்லாம் அதற்குள். தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் கூண்டுக்கு 4,800 குறையும். தண்ணீருக்கான குத்தகை இதில் சின்னத் தொகை. ஆகவே ஒற்றைக் கூண்டு ஒரு தொழிலாகாது. எட்டுப் பத்துக் கூண்டுகளைச் சேர்த்து, ஒரே காவல், ஒரே படகு, தீவனம் மொத்தக் கொள்முதல் என்று நடத்தும் குழுவுக்குத்தான் இது ஒத்துவரும்.

இடம் பார்க்கும்போது அணை நிரம்பிய காலத்து ஆழத்தை நம்பாதீர்கள். கடந்த பல ஆண்டுகளில் மிகக் குறைந்த நீர்மட்டம் எது என்று அணைப் பதிவேட்டில் பாருங்கள். அந்த மட்டத்திலும் கூண்டின் அடிக்கும் தரைக்கும் இடையே மூன்று மீட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் கழிவு அடியில் தேங்கி, காற்றில்லாத விடியலில் கூண்டு முழுதும் ஒரே நாளில் மிதக்கும். திறந்த தண்ணீரில் இருக்கும் மீன் நல்ல தண்ணீர் தேடிப் போகும். கூண்டு மீனுக்குப் போக இடமில்லை. அனுமதிக்கு மீன்வளத்துறை மட்டும் போதாது, அணையை வைத்திருக்கும் நீர்வளத்துறையும் இசைய வேண்டும். அமராவதி, பவானிசாகர் போலக் காட்டை ஒட்டிய அணைகளில் வனத்துறையும். நீர்நாய் நடமாடும் அணை என்றால் வெளிக்கூண்டு வலை இரட்டையாக வேண்டும்.

## பட்டா நிலத்தில் குளம்

முதலில் போடும் பணம் இங்கேதான் அதிகம். மேலே சொன்ன அதே திட்டத்தில் புதிய வளர்ப்புக் குளத்துக்கு ஹெக்டேருக்கு 7 லட்சம், இடுபொருளுக்கு 4 லட்சம் என்று அலகுச் செலவு வைத்திருக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் வெட்ட 2.8 லட்சம். 40 சதவீத மானியம் கிடைத்தால் உங்கள் பங்கு 1.68 லட்சம், பத்து ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 16,800. மானியம் வேலை முடிந்தபின் வரும் பணம் என்பதை மறந்துவிடக் கூடாது. முழுத் தொகையும் முதலில் உங்கள் கையிலிருந்தோ வங்கியிலிருந்தோதான் போகும். இடையில் ஓடும் வட்டியும் உங்களுடையதே.

ஏக்கருக்கு 2,500 விரலிகள், 80 சதவீதம் பிழைத்து 900 கிராம் வந்தால் 1,800 கிலோ. தீவனம் 2,700 கிலோவுக்குச் சுமார் 1,10,000, குஞ்சு 7,500, சுண்ணாம்பு, உரம் 8,000, மின்சாரம் 15,000, பிடிகூலி 27,000. மொத்தம் 1,67,500. மொத்த வியாபாரிக்கு 110 ரூபாய்க்கு விற்றால் 1,98,000. குளம் வெட்டிய பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 13,700தான். அதே மீனை வாரம் இரண்டு நாள் கரையிலேயே உயிரோடு 140க்கு விற்றால் வரவு 2,52,000, எல்லாம் போக 67,700 நிற்கும். சொந்தக் குளத்தின் லாபத்தில் பெரும்பகுதி இந்த முப்பது ரூபாயில் இருக்கிறது. கண்மாய்க்காரர் தண்ணீர் வற்றும் இரண்டு வாரத்துக்குள், சுற்றுவட்டக் கண்மாய்கள் எல்லாம் பிடிக்கும் அதே நேரத்தில் விற்றாக வேண்டும். குளத்துக்காரர் புரட்டாசி முடியக் காத்திருந்து, தீபாவளி வாரத்தில் வலை போடலாம். பக்கத்தில் நாலு பெரிய கிராமமோ ஒரு டவுனோ இல்லையென்றால் இந்தக் கணக்கு நிற்காது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது தண்ணீர். ஆவியாவதும் கசிவதுமாக நாளுக்கு ஒரு செ.மீ. இறங்கினால், 4,000 சதுர மீட்டர் குளத்தில் அது 40,000 லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் தரும் மோட்டார் நாலு மணி நேரம் ஓடினால்தான் நேற்றைய மட்டத்தைப் பிடிக்கலாம். கோடையில் உங்கள் போர்வெல் அவ்வளவு தருமா என்பதைக் குளம் வெட்டும் முன் பார்த்தாக வேண்டும். செம்மண்ணும் சரளையுமான நிலத்தில் ஒரு மீட்டர் குழி தோண்டி, மாலையில் நிரப்பி, காலையில் பாருங்கள். பாதி இறங்கியிருந்தால் அந்த நிலத்தில் குளம் வேண்டாம்.

மின்சாரத்தில் இன்னொரு பொறி. பயிருக்கு வாங்கிய இலவச விவசாய இணைப்பில் மீன் குளத்துக்கு மோட்டாரும் காற்றூட்டியும் ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய மண்ணை நிலத்துக்கு வெளியே கொண்டுபோகவும் கனிமவளத்துறை அனுமதி வேண்டும். குளமாக்கிய நிலத்தை மறுபடி நெல் வயலாக்குவது எளிதல்ல என்பதையும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து யோசித்து முடிவெடுங்கள்.

அடுத்தவர் வெட்டி வைத்திருக்கும் குளத்தை வாடகைக்கு எடுப்பது இடைப்பட்ட வழி. மூன்று ஆண்டுக்குக் குறையாத பதிவுப் பத்திரம், மின் இணைப்பு யார் பேரில், கரை உடைந்தால் செலவு யாருடையது: இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் புதியவருக்கு இதுவே நல்ல தொடக்கம். கண்மாய் ஏலம் எடுத்தவரிடம் வாய்மொழியாக உள்குத்தகை எடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஏல நிபந்தனையிலேயே அதற்குத் தடை இருக்கும். மீன் திருடு போனாலும் உங்களால் புகார்கூடக் கொடுக்க முடியாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கண்மாய்க் குத்தகை | அணைக் கூண்டு | சொந்தக் குளம் |
|---|---|---|---|
| தொடக்கப் பணம் | 2 லட்சத்துக்கு மேல், ஒவ்வோர் ஆண்டும் | கூண்டுக்கு 3 லட்சம், அதோடு தீவனம் | ஏக்கருக்கு 2.8 லட்சம் ஒருமுறை, இடுபொருள் ஆண்டுதோறும் |
| தண்ணீர் யார் கையில் | ஆயக்கட்டு, மழை | அணை நிர்வாகம் | உங்கள் போர்வெல் |
| வளர்ப்பு மாதம் | 4 முதல் 6 | 8 முதல் 10 | 10 முதல் 12 |
| பெரிய செலவு | குஞ்சு, வலை, காவல் | தீவனம் | தீவனம், தண்ணீர் |
| விற்கும் நேரம் | வற்றும்போது | ஓரளவு உங்கள் விருப்பம் | முழுக்க உங்கள் விருப்பம் |
| பெரிய ஆபத்து | மழை பொய்த்தல், கலுங்கு, திருட்டு | நீர்மட்டம் இறங்குதல், நீரில் பிராணவாயு குறைதல் | விடியற்கால மூச்சுத்திணறல் |
| மானியம், கடன் | ஓராண்டுக் குத்தகைக்குக் கடினம் | குழுவுக்கு எளிது | எளிது |
| விலகுவது | ஜூன் 30இல் முடியும் | கூண்டை விற்கலாம் | நிலம் குளமாகவே நிற்கும் |

கடைசி வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. நட்டப்பட்டாலும் ஓராண்டில் வெளியேற முடிவது கண்மாய்க் குத்தகையின் நிஜமான பலம்.

## யாருக்கு எது

வலைக்கூட்டம் சொந்தமாக உள்ளவர், அல்லது குடும்பத்தில் மூன்று நாலு பேர் முறைபோட்டுக் காவல் இருக்கக்கூடியவர் கண்மாய்க்கே போகலாம். மேலே உள்ள கணக்கில் காவலும் வலைக்கூலியும் சேர்ந்து 40 சதவீதப் பிடிப்பில் 1,24,000, 25 சதவீதத்தில் 1,00,000. அதில் பாதி வீட்டிலேயே நின்றால்கூட 25 சதவீதப் பிடிப்பிலும் கை சுடாது. கரைக்கு அருகில் வீடு உள்ள ஊர்க்காரருக்கும் இது பொருந்தும். இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு சம்பளக் காவலை நம்பி எடுப்பவருக்கு நான் சொல்வது வேண்டாம் என்பதுதான்.

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து சேரும் டெல்டா ஏரி, குளங்கள் தனிக் கணக்கு. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும் பாசன ஆண்டில் அவை முன்னதாகவே நிரம்பும். வளர்ப்பு மாதம் எட்டு வரை நீளும். அத்தகைய இடத்தில் கிலோவுக்கு 25 ரூபாய் வரை ஏலத்தொகை தாங்கும்.

களிமண் நிலம், கோடையிலும் வற்றாத கிணறு, பக்கத்தில் சில்லறைக்கு வாங்கும் ஊர் என்று மூன்றும் இருப்பவர் குளம் வெட்டலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முதலில் ஒரு குளத்தை வாடகைக்கு எடுத்து ஓராண்டு பாருங்கள். கூண்டு, குழுவாகச் சேர்ந்து முழு நேரமும் இறங்குகிறவர்களுக்கு. ஓய்வு நேரத் தொழிலாக அதை நினைக்க வேண்டாம்.

கடன் தேவைப்படுபவர் எந்த வழியானாலும் மாவட்ட மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2018-19இலிருந்து மீன் வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. குளப் பத்திரமோ பதிவு செய்த குத்தகையோ காட்டினால் நடைமுறை மூலதனத்துக்கு வெளிவட்டி வாங்கத் தேவையில்லை. வலைக்கூட்டத் தலைவரிடமோ மொத்த வியாபாரியிடமோ முன்பணம் வாங்கி ஏலம் கட்டினால், அவர் சொல்லும் விலைதான் விலை. கரையில் 110 ஓடும்போது உங்களுக்கு 90 கிடைக்கும். 3,200 கிலோவுக்கு அது 64,000 ரூபாய், ஏலத்தொகையைவிட அதிகம்.

## ஏலத்துக்கு முந்தைய வாரம்

ஏல நிபந்தனைத் தாளை வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். டேவணி எவ்வளவு, தோற்றால் அன்றே திரும்புமா. முழுத்தொகை எத்தனை நாளில் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் டேவணி பறிபோகுமா. ஏலத்தொகைக்கு மேல் வரி தனியாக உண்டா. மழை பொய்த்தால் தள்ளுபடி உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். தூர்வாரும் வேலை அந்த ஆண்டு அந்தக் கண்மாய்க்கு வருகிறதா என்று பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால் மடையைத் திறந்து தண்ணீரை வடிப்பார்கள், ஏலத்தொகை திரும்பாது.

கடந்த மூன்று ஆண்டு ஏலத்தொகையையும் கேட்டு எழுதுங்கள். ஒருவரே தொடர்ந்து எடுத்து, திடீரென்று இந்த ஆண்டு ஒதுங்குகிறார் என்றால் அவர் வீட்டுக்குப் போய் காரணம் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். மேல்கண்மாயில் சாயக்கழிவோ சாக்கடையோ கலப்பது, ஆகாயத்தாமரை மூடியது, ஊருக்குள் இரண்டு பிரிவு என்று ஏதாவது ஒன்று வெளியே வரும்.

பிறகு மேலே உள்ள கணக்கில் உங்கள் எண்களைப் போட்டு, 25 சதவீதப் பிடிப்பில் தாங்கக்கூடிய நட்டம் எவ்வளவு என்று முடிவு செய்து, அதற்கு ஏற்ற உச்ச ஏலத்தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். ஏலத்துக்கு வராத ஒருவரிடம், மனைவியிடமோ அண்ணனிடமோ, அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏலம் எடுத்தால் ரசீது, ஒப்பந்தப் பத்திரம், எல்லை காட்டும் வரைபடம் மூன்றின் நகலையும் அந்த வாரமே காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்து வையுங்கள். இரவில் வலையோடு பிடிபட்டவர் நானும் ஊர்க்காரன்தான் என்று சொல்லும்போது அதை வைத்துத்தான் பேச முடியும்.